நோ டியூஸ் கையெழுத்துக்கு முன்னால் வாங்கிவிட வேண்டியவை

தமிழ்நாட்டில் ஒரு சிறிய நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் பி.டெக்., எம்.டெக். இரண்டும் படித்தேன். பிறகு அங்கேயே சில வருடம் உதவிப் பேராசிரியராக வேலை பார்த்துவிட்டு 2023இல் வெளியே வந்தேன். கனடா பிஆருக்கு (நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு) முயற்சி செய்தபோது அந்த வளாகத்திலிருந்து எனக்குத் தேவைப்பட்டவை இரண்டே இரண்டு: டிரான்ஸ்கிரிப்ட் (படிப்பு முழுமைக்குமான பாடவாரி மதிப்பெண் விவரம்), அனுபவச் சான்று. இரண்டையும் சரியான வடிவத்தில் வாங்கி முடிக்க ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. அதற்குள் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு முடிவு காலாவதியாகிவிட்டது. அதன் ஆயுள் 2 வருடம்தான். மறுபடி எழுத 17,000 ரூபாய் போனது. அதைவிடப் பெரிய அடி வயது. கனடா பிஆருக்கு ஆளெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி புள்ளிக் கணக்கில் துணை இல்லாமல் விண்ணப்பிப்பவருக்கு 29 வயது வரை 110 புள்ளி, 30 ஆனதும் 105, 31 ஆனால் 99. கன்ட்ரோலர் ஆபீஸ் (தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம்) அலமாரியில் ஒரு காகிதம் தூங்கிய காலத்தில் எனக்கு 30 முடிந்துவிட்டது. கட்ஆஃபுக்கு ஓரிரு புள்ளியில் நின்றவர்களுக்குத்தான் அந்த 5 புள்ளியின் எரிச்சல் புரியும்.

யாரிடம் போவது, எதைக் கேட்பது, எந்த வரிசையில் கேட்பது என்று சொல்ல அப்போது ஆளில்லை. சீனியர்களைக் கேட்டால் "ஆபீஸ்ல போய்ப் பாரு" என்பதோடு முடித்துக்கொண்டார்கள். அதனால் தெரிந்ததையெல்லாம் இங்கே வைக்கிறேன். கனடா போகாதவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

முதலில் இந்த மாதிரி இடங்கள் எப்படி இயங்குகின்றன என்று புரிந்துகொள்ள வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்திலோ சென்னைப் பல்கலைக்கழகத்திலோ தாமதம் இருக்கும், வரிசை இருக்கும். ஆனால் படிவம், கட்டணம், கவுன்டர் மூன்றும் இருக்கும். சிறிய தனியார் பல்கலைக்கழகத்தில் தேர்வுப் பிரிவே நாலைந்து பேர்தான். சிஓஇ எனப்படும் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் பெரும்பாலும் ஏதோ ஒரு துறைப் பேராசிரியர், கூடுதல் பொறுப்பில் இருப்பவர். மதிப்பெண் தரவு ஒரு சாஃப்ட்வேரில் இருக்கும். அதை முழுதாகத் தெரிந்தவர் ஒரே ஒருவர், அவருக்குச் சம்பளம் குறைவு, எப்போது வேண்டுமானாலும் போய்விடுவார். அவர் போனதும் பழைய பேட்ச் தரவை எடுத்துக் கொடுக்க ஆள் இருக்காது, டேபுலேஷன் ரெஜிஸ்டரைப் புரட்டிக் கையால் தட்டச்சு செய்வார்கள். எனக்கு நடந்தது அதுதான். உள்ளே மாணவராக இருக்கும்வரை இதே சிறிய அளவு ஒரு வசதி: காலையில் கேட்ட போனஃபைடு (இங்கே படிக்கிறார் என்ற சான்று) மதியம் கிடைக்கும், சூப்பரின்டென்டன்ட்டுக்கு உங்கள் ஊர் தெரியும். வெளியே வந்தபின் உங்களைத் தெரிந்தவர் யாரும் அங்கே இல்லை, தெரியாதவருக்கு என்று ஒரு வழிமுறையும் இல்லை. நான் ஆசிரியராக இருந்தபோது "சார்" என்று எழுந்து நின்ற அதே பிரிவில், வேலையை விட்டபின் போய் நின்றால் "தம்பி, சிஓஇ சார் மீட்டிங்ல இருக்காரு, திங்கக்கிழமை வாங்க" என்றார்கள். உண்மையில் வலித்தது அந்தத் "தம்பி".

ஆகவே எதைக் கேட்பதானாலும் நோ டியூஸ் (பாக்கி ஏதும் இல்லை என்ற) படிவத்தில் கடைசிக் கையெழுத்து விழும் முன் கேட்டுவிடுங்கள். நூலகம், லேப், ஹாஸ்டல், மெஸ், பஸ், அக்கவுன்ட்ஸ் என்று எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டால் உங்கள் கோப்பு மூடப்பட்டதாக அர்த்தம். அதற்குப் பிறகு நீங்கள் கேட்பதெல்லாம் அவர்களுக்குக் கூடுதல் வேலை. இறுதி செமஸ்டர் முடிவு வந்த கையோடு ஒரே மனுவில் இவற்றைக் கேளுங்கள்: எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல், ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல், புரொவிஷனல், டிசி, நன்னடத்தைச் சான்று, மைக்ரேஷன், பயிற்று மொழி ஆங்கிலம் என்ற சான்று, சிஓஇ சீல் வைத்த முழு சிலபஸ். இவற்றோடு சீல் வைத்த உறையில் டிரான்ஸ்கிரிப்ட் 5 பிரதி. சிலபஸை யாரும் யோசிப்பதில்லை. ஜெர்மனியிலோ கனடாவிலோ படிப்பை ஒப்பிட்டுப் பார்க்கும்போது பாடவாரியாக விவரம் கேட்பார்கள். அதற்குள் பல்கலைக்கழகம் இரண்டு ரெகுலேஷன் மாற்றியிருக்கும், உங்கள் பேட்ச் சிலபஸ் துறை கம்ப்யூட்டரில்கூட இருக்காது. பக்கத்துக்கு இவ்வளவு என்று சீலுக்குப் பணம் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். காஷன் டெபாசிட்டை மறக்காதீர்கள். அது கல்விக் கட்டணம் அல்ல, திருப்பித் தர வேண்டிய பணம். "கன்வகேஷன் கட்டணத்தில் கழித்துக்கொண்டோம்" என்று வாயால் சொன்னால் ரசீது கேளுங்கள்.

பட்டச் சான்றுக்கு ஒரு கால வரம்பு உண்டு. பட்டங்கள் வழங்குவது பற்றிய யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழுவின்) 2008 விதிமுறைப்படி, மாணவர் தகுதி பெறுவதாக எதிர்பார்க்கப்படும் நாளிலிருந்து 180 நாளுக்குள் பட்டம் வழங்க வேண்டும். சிறிய இடங்களில் சிறப்பு விருந்தினர் தேதி கிடைக்கவில்லை, இரண்டு பேட்ச்சை ஒன்றாக நடத்துகிறோம் என்று கன்வகேஷனை இழுப்பார்கள். புரொவிஷனலை வைத்து வேலையில் சேரலாம், ஆனால் இசிஏவுக்கு (நம் படிப்பைக் கனடாப் படிப்போடு ஒப்பிட்டுத் தரும் அறிக்கைக்கு) அது போதாமல் போகலாம். 180 நாள் தாண்டினால் அந்த விதியைக் குறிப்பிட்டு ரிஜிஸ்ட்ராருக்கு மின்னஞ்சல் போடுங்கள். விதியின் பெயரும் ஆண்டும் இருக்கும் கடிதத்துக்கு வரும் பதிலின் தொனியே வேறு.

கையில் வாங்கியதும் அங்கேயே நின்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். பெயர், பிறந்த தேதி, பதிவு எண், தேர்ச்சி பெற்ற மாதமும் வருடமும். நம் ஊர்க்காரர்களுக்கு இன்ஷியல்தான் எமன். மதிப்பெண் பட்டியலில் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக சர்நேம் இடத்தில், பட்டச் சான்றில் இன்ஷியல் பெயருக்குப் பின்னால். நமக்கு மூன்றும் ஒரே ஆள். வெளிநாட்டில் கோப்பைப் பார்ப்பவருக்கு மூன்று ஆள். நோட்டரி அஃபிடவிட் சில இடங்களில் எடுபடும், சில இடங்களில் எடுபடாது. எனக்குப் பலன் தந்தது பல்கலைக்கழக லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம். இந்தப் பதிவு எண் கொண்ட மாணவரின் பெயரில் உள்ள இன்ஷியலின் விரிவு இது, பாஸ்போர்ட் எண் இன்னதில் உள்ள பெயரும் இவருடையதே என்று சிஓஇ கையெழுத்திட்டுத் தந்தார். இதை டிரான்ஸ்கிரிப்ட்டோடு ஒரே உறைக்குள் வைக்கச் சொல்லுங்கள். பின்னால் தனியாக அனுப்பினால் அது எங்கே போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது.

தயவுசெய்து சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள். அப்பா அம்மா பாசத்தில் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலிருந்து பட்டம் வரை லேமினேஷன் போட்டு பீரோவில் வைப்பார்கள். அட்டஸ்டேஷனுக்கு (அரசுச் சான்றொப்பத்துக்கு) போகும்போது முத்திரையும் கையெழுத்தும் காகிதத்தின் பின்புறத்தில் நேராக விழ வேண்டும், பிளாஸ்டிக் மேல் வாங்கமாட்டார்கள். பிரிக்கப் பார்த்தால் அச்சு மை பிளாஸ்டிக்கோடு உரிந்து வரும், ஹாலோகிராம் கிழியும். பிறகு டூப்ளிகேட் வாங்க வேண்டும், சிறிய பல்கலைக்கழகத்தில் டூப்ளிகேட் என்பது தனிப் போராட்டம். பிளாஸ்டிக் ஷீட் உள்ள ஃபைல் போதும். அப்போஸ்டில் (சான்றிதழ் வெளிநாட்டில் செல்லுவதற்கு அரசு வைக்கும் முத்திரை) தேவைப்படுபவர்கள் கூடவே உண்மைத்தன்மைச் சான்றும் வாங்கி வையுங்கள். முதலில் தலைமைச் செயலகத்தில் உயர்கல்வித் துறை, பிறகு வெளியுறவு அமைச்சகம் என்ற வரிசையில் போகும். அப்போஸ்டிலுக்கு அமைச்சகக் கட்டணம் ஒரு ஆவணத்துக்கு 50 ரூபாய்தான், மீதியெல்லாம் ஏஜென்சி கணக்கு. ஐக்கிய அரபு அமீரகம் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இல்லாததால் துபாய் போகிறவர்களுக்கு அது செல்லாது, தூதரக முத்திரை வேண்டும்.

இப்போது டிரான்ஸ்கிரிப்ட். பல சிறிய பல்கலைக்கழகங்களில் ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியலையே மறுபடி அச்சிட்டு மேலே டிரான்ஸ்கிரிப்ட் என்று தலைப்பு போட்டுத் தருவார்கள். எனக்கும் முதல் தடவை அப்படித்தான் வந்தது. இருக்க வேண்டியவை என்ன என்றால்: செமஸ்டர் வாரியாகப் பாடக் குறியீடு, பாடப் பெயர், கிரெடிட், கிரேடு, தேர்ச்சி மாதம், சேர்ந்த நாளும் முடித்த நாளும், மொத்தக் கிரெடிட், சிஜிபிஏ, பட்டம் வழங்கப்பட்ட தேதி. பின்பக்கத்தில் கிரேடு விளக்கம் இருக்க வேண்டும். எத்தனை மதிப்பெண்ணுக்கு எந்தக் கிரேடு, உச்ச கிரேடு புள்ளி எவ்வளவு, தேர்ச்சிக்குக் குறைந்தபட்சப் புள்ளி எவ்வளவு என்ற மூன்றும். கடைசியாகச் சொன்னது பலரிடம் இருப்பதில்லை. அதன் விலையை ஜெர்மனிக்கு விண்ணப்பித்த நண்பர்கள் கொடுத்தார்கள். அங்கே பவேரிய சூத்திரம் என்று ஒன்றை வைத்து நம் சிஜிபிஏவை மாற்றுவார்கள்: உச்சப் புள்ளியிலிருந்து நம் புள்ளியைக் கழித்து, அதை உச்சத்துக்கும் தேர்ச்சிப் புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3ஆல் பெருக்கி, 1 கூட்ட வேண்டும். அங்கே குறைந்த எண்தான் நல்லது. சிஜிபிஏ 8 உள்ளவருக்குத் தேர்ச்சிப் புள்ளி 5 என்றால் 2.2 வரும். தேர்ச்சிப் புள்ளி 4 என்றால் 2.0 வரும். சில படிப்புகளுக்கு இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கதவு. பின்பக்கத்தில் அச்சாகாவிட்டால் எதை எடுப்பது என்று பார்ப்பவர் முடிவு செய்வார். ஜெர்மனி போகிறவர்கள் வெளிநாட்டுக் கல்வி நிறுவனங்களைப் பட்டியலிடும் அந்நாட்டு அனாபின் தரவுத்தளத்தில் உங்கள் பல்கலைக்கழகத்துக்கு ஹெச்பிளஸ் (அங்கீகாரக் குறி) இருக்கிறதா என்று சேரும் முன்பே பார்த்துவிடுவது நல்லது. 2022 நவம்பரிலிருந்து ஏபிஎஸ் சான்றிதழும் (நம் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தருவது) வேண்டும்.

அடுத்தது பல்கலைக்கழகத்தின் பெயர். 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து நிகர்நிலை நிறுவனங்கள் தங்கள் பெயரோடு பல்கலைக்கழகம் என்ற சொல்லைப் போடக்கூடாது, வேண்டுமானால் அடைப்புக்குறிக்குள் நிகர்நிலை என்று குறிப்பிடலாம் என்று யுஜிசி உத்தரவிட்டது. அதனால் என் பி.டெக். சான்றில் ஒரு பெயர், எம்.டெக். சான்றில் இன்னொரு பெயர். இசிஏ தரும் நிறுவனமான வெஸ்ஸின் தளத்தில் நம் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே இந்தக் குழப்பம் ஆரம்பித்துவிடும். 2017ஐ ஒட்டிப் படித்தவர்கள் பெயர் மாற்றம் பற்றி ரிஜிஸ்ட்ரார் கடிதம் ஒன்றையும் உறைக்குள் சேர்க்க வேண்டும். பெயர் மாற்றத்தால் வந்த சின்னத் தொல்லை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். டிரான்ஸ்கிரிப்ட் கட்டணத்தை டிடியாகத்தான் கேட்பார்கள். இணையதளத்தில் இருந்த படிவம் பழையது, அதில் இருந்த பெயருக்கு எடுத்த டிடி "இந்தப் பேர்ல அக்கவுன்ட்டே இல்ல" என்று திரும்பி வந்தது. டிடியின் ஆயுள் 3 மாதம். அது கடிதக் கட்டுக்குள் கிடந்த காலத்திலேயே முக்கால்வாசி கழிந்திருந்தது. டிடி எடுக்கும் முன் அக்கவுன்ட்ஸ் பிரிவுக்கு போன் போட்டு, யார் பெயரில், எந்த ஊரில் மாற்றத்தக்கதாக என்று கேட்டு, டிடியின் பின்னால் பென்சிலில் உங்கள் பதிவு எண்ணை எழுதி, ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வெஸ் போன்ற நிறுவனங்களுக்குப் பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்ப வேண்டும். நடைமுறையில் என்ன நடக்கும் என்றால், "நாங்க சீல் பண்ணித் தர்றோம், நீங்களே கூரியர் போட்டுக்கங்க" என்பார்கள். அப்படியானால் கூரியர் ரசீதில் அனுப்புநராகப் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவின் முகவரி இருக்கட்டும். உறையின் மூடி ஒட்டிய கோட்டின் மேல் சிஓஇ கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்ப்பும் பாதி மூடியிலும் பாதி உறையிலும் விழுமாறு இருக்க வேண்டும். உறைக்கு வெளியே உங்கள் ரெஃபரன்ஸ் எண் பெரிதாக இருக்க வேண்டும். உள்ளே கோரிக்கைப் படிவம் பூர்த்தி செய்யப்பட்டு முத்திரையோடு இருக்க வேண்டும். என்னுடைய முதல் உறையில் அந்தப் படிவத்தை வைக்க மறந்துவிட்டார்கள், சீல் வைத்தபின் எனக்கு எப்படித் தெரியும்? அதனால் உள்ளே வைக்க வேண்டியவற்றை ஒரு தாளில் எண் போட்டு எழுதி, மேலே கிளிப் போட்டுக் கொடுங்கள், அவர்கள் வைக்கும்போது எதிரில் நில்லுங்கள். மின்னஞ்சலில் அனுப்ப ஒப்புக்கொண்டால் ஜிமெயில் முகவரியிலிருந்து அனுப்பிவிடாமல் பல்கலைக்கழக டொமைன் முகவரியிலிருந்து அனுப்பச் சொல்லுங்கள். பல சிறிய இடங்களில் சிஓஇயின் புழங்கு முகவரியே ஜிமெயில்தான், அதை மதிப்பீட்டு நிறுவனங்கள் ஏற்காது.

பொறுமை போய் நடுவில் ஒரு ஏஜென்டிடம் 15,000 ரூபாய் கொடுத்தேன். பெரிய பல்கலைக்கழகங்களில் அவர்களுக்குப் பழக்கமான ஆட்கள் இருப்பார்கள். ஊர்ப்புறத்துச் சிறிய பல்கலைக்கழகத்துக்கு அவர்களும் நம்மைப் போலவே பஸ் ஏறிப் போய் பெஞ்சில் உட்காருவார்கள். நான் கொடுத்த அதிகாரக் கடிதத்தை ஏற்கமாட்டோம் என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், பணம் திரும்பவில்லை. நாமே போக முடியாத நிலையில் இருந்தால், இன்னும் அங்கே படிக்கும் நம் துறை ஜூனியர் ஒருவரை அனுப்புவது பத்து மடங்கு மேல். அவருக்குப் பஸ் காசும் சாப்பாடும் கொடுங்கள், அடையாள அட்டை நகலோடு கையெழுத்திட்ட கடிதம் கொடுங்கள்.

புகார் செய்யும் வழிகள் உண்டு, ஆனால் வரிசை முக்கியம். யுஜிசியின் 2023 மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைப்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும், அது 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும், அதில் திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் ஆம்பட்ஸ்பர்சனிடம் (குறைகேள் அதிகாரியிடம்) மேல்முறையீடு செய்யலாம். ஆம்பட்ஸ்பர்சனையே நியமிக்காத 157 பல்கலைக்கழகங்களின் பட்டியலை யுஜிசி 2024இல் வெளியிட்டது என்பதையும் மனதில் வையுங்கள். விதியின் வரையறையில் மாணவர் என்றால் சேர்ந்திருப்பவர், சேர விரும்புபவர் என்று இருப்பதால், படித்து முடித்தவரின் மனுவைத் தள்ளிப் போடப் பார்ப்பார்கள். எனக்கு அப்படித்தான் ஆனது. அந்த நிலையில் யுஜிசியின் இ-சமாதான் தளத்தில் புகார் போட்டு எண் வாங்கிக்கொண்டு, கொஞ்ச நாள் கழித்து அந்த எண்ணின் மீது எடுத்த நடவடிக்கை என்ன, பல்கலைக்கழகம் தந்த பதிலின் நகல் தரவும் என்று யுஜிசிக்கே 10 ரூபாயில் ஆர்டிஐ போடலாம். தனியார் பல்கலைக்கழகம் ஆர்டிஐக்கு உட்பட்டதா என்ற சண்டைக்குள் போகாமலே வேலை நடக்கும் வழி இது. யுஜிசியிலிருந்து கடிதம் வந்தால் ரிஜிஸ்ட்ரார் மேசையில் அது மற்றக் கடிதங்களுக்கு மேலே போகும். நுகர்வோர் நீதிமன்றத்தை நம்பி இறங்க வேண்டாம். பல்கலைக்கழகம் தருவது நுகர்வோர் சட்டத்தின்படி சேவை அல்ல என்று 2010இல் மகரிஷி தயானந்த் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை எடுத்து நீட்டுவார்கள், வழக்கு அங்கேயே சிக்கும்.

பாதியில் விட்டுப் போகும் முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. அசல் சான்றிதழ்களைச் சேர்க்கையின்போது சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும் என்பது யுஜிசியின் 2018 அறிவிக்கை. வேறு இடம் கிடைத்துப் போகிறேன் என்றால் "முழுக் கோர்ஸ் பணத்தையும் கட்டினால்தான் டிசி" என்பது சட்டப்படி செல்லாத மிரட்டல். 2024-25க்கு யுஜிசி வைத்த கணக்கு செப்டம்பர் 30 வரை முழுக் கட்டணமும், அக்டோபர் 31 வரை அதிகபட்சம் 1,000 ரூபாய் கழித்தும் திருப்பித் தர வேண்டும் என்பது. உங்கள் வருடத்துக்கான தேதியைச் சேரும் நாளிலேயே பார்த்துக் குறித்துவையுங்கள், ஏனென்றால் ஆபீஸில் அந்தத் தேதி தாண்டும் வரைதான் "சேர்மன் ஊர்ல இல்ல" என்பார்கள். விலகல் கடிதத்தை நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள், தராவிட்டால் அன்றே டெலிவரிச் சான்றோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள்.

ஆசிரியராகச் சேர்பவர்களுக்கு இதே கதை இன்னும் கொடுமையானது. வெரிஃபிகேஷன் என்று சொல்லி அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு, வேலையை விடும்போது மூன்று மாதச் சம்பளம் கட்டு, செமஸ்டர் முடியட்டும், மாற்று ஆள் வரட்டும் என்பார்கள். ஆசிரியர்களின் அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாது என்று ஏஐசிடிஇ (தொழில்நுட்பக் கல்விக் குழு) சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. சான்றிதழ் அடகுப் பொருள் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றமும் திருப்பித் தர உத்தரவிட்டிருக்கிறது. ஆனால் ரிட் போடும் அளவுக்குப் பணமும் நேரமும் உள்ள உதவிப் பேராசிரியர் யார்? கொடுக்காமல் தப்பிக்க முடியாது என்றால், எதை எதைக் கொடுத்தோம் என்று சான்றிதழ் எண்களோடு பட்டியல் போட்டு எஸ்டாப்ளிஷ்மென்ட் பிரிவில் கையெழுத்தும் சீலும் வாங்குங்கள். அந்த ஒரு தாள் இல்லாதவர்களிடம்தான் "நீங்க கொடுக்கவே இல்லியே" என்று சொல்வார்கள். ராஜினாமாவை ஏப்ரல், நவம்பர் போல செமஸ்டர் முடியும் மாதங்களுக்குப் பொருந்துமாறு முன்கூட்டியே கொடுங்கள். மதிப்பெண் பதிவேடு, லேப் ஸ்டாக், கேள்வித்தாள் வேலை எல்லாவற்றையும் யாரிடம் ஒப்படைத்தீர்கள் என்பதற்கும் கையெழுத்து வேண்டும்.

அனுபவச் சான்று வழக்கமாக மூன்று வரி இருக்கும்: இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை பணிபுரிந்தார், நடத்தை நன்று, வாழ்த்துகள். கனடாவுக்கு இது ஒன்றுக்கும் உதவாது. லெட்டர்ஹெட்டில் பதவி, முக்கியப் பணிகள், வாரத்துக்கு எத்தனை மணிநேரம், ஆண்டுச் சம்பளமும் படிகளும், கையெழுத்திடுபவரின் பெயர், பதவி, தொடர்பு எண் எல்லாம் வேண்டும். ரிஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் "எங்க ஃபார்மட் இதுதான்" என்று சொல்லிவிடுவார்கள். நான் செய்தது: அவர்கள் மூன்று வரியை அப்படியே வாங்கிக்கொண்டு, பணிகளும் மணிநேரமும் கொண்ட தனிக் கடிதத்தைத் துறைத் தலைவரிடம் துறை லெட்டர்ஹெட்டில் வாங்கினேன். அதற்கு நகலை நானே தட்டச்சு செய்து கொண்டுபோனேன். கனடாவின் 2021 தொழில் வகைப்பாட்டில் பல்கலைக்கழக ஆசிரியர் 41200. அதன் பணி விளக்கத்தை அப்படியே எழுதினால் நகலடித்தது தெரிந்துவிடும், நீங்கள் எடுத்த பாடங்கள், நடத்திய லேப், வழிநடத்திய புராஜெக்ட்டுகள் என்று உங்கள் சொல்லில் எழுதுங்கள். துணைக்கு நியமன ஆணை, சம்பளச் சீட்டு, வங்கி ஸ்டேட்மென்ட், ஃபார்ம் 16. சில இடங்களில் சம்பளத்தின் ஒரு பகுதி கையில் ரொக்கமாக வரும், அதைச் சான்றில் எழுதச் சொன்னால் எழுதமாட்டார்கள். சான்றில் உள்ள தொகை வங்கியில் வந்த தொகையோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் நம் வேலை.

பிஎஃப்பில் பணிவிலகல் தேதியைக் கல்லூரி ஏற்றாவிட்டால், கடைசிச் சந்தாவுக்கு இரண்டு மாதம் கழித்து யுஏஎன் (பிஎஃப் உறுப்பினர் எண்) தளத்தில் நாமே ஏற்றலாம். என்னைவிட நீண்டகாலம் இருந்தவர்கள் கிராஜுவிட்டியை (பணிக்கொடையை) விட்டுவிடாதீர்கள். தனியார் கல்வி நிறுவன ஆசிரியர்களுக்கும் அது உண்டு என்று 2009இல் சட்டத்தைத் திருத்தி 1997 ஏப்ரல் 3 முதல் செல்லும்படி செய்தார்கள், 2022இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 5 வருடம் முடித்திருந்தால் கடைசி அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் கூட்டி, 15ஆல் பெருக்கி, பணி வருடங்களால் பெருக்கி, 26ஆல் வகுத்தால் வருவது உங்கள் தொகை. "நம்ம இன்ஸ்டிட்யூஷன்ல அதெல்லாம் வழக்கமில்ல" என்று சொல்வார்கள், எழுத்தில் கேட்டால் அப்படி எழுதித் தரமாட்டார்கள்.

முன்னாள் மாணவர்களுக்கு இந்த இடங்களில் மதிப்பு ஏறும் காலம் ஒன்று உண்டு. கல்வி நிறுவனங்களுக்குத் தரச்சான்று தரும் நாக் ஆய்வுக்கு முன்னும், என்ஐஆர்எஃப் (தேசியத் தரவரிசை) தரவு ஏற்றும் மாதங்களிலும் வளாகத்திலிருந்து போன் வரும். நாக்கில் மாணவர் முன்னேற்றத்துக்கும் முன்னாள் மாணவர் பங்களிப்புக்கும் மதிப்பெண் இருக்கிறது, என்ஐஆர்எஃப்பில் பட்டதாரிகளின் இடைநிலைச் சம்பளம் கேட்பார்கள். அப்போது உங்கள் நியமன ஆணை, சம்பளச் சீட்டு, மேற்படிப்புச் சேர்க்கைக் கடிதம் எல்லாம் அவர்களுக்கு அவசரமாக வேண்டும். என்னுடைய இரண்டாவது உறை வெளியே போனது அப்படித்தான். முன்னாள் மாணவர் ஒருங்கிணைப்பாளர், என் பழைய சக ஆசிரியர், எம்.டெக். முடித்தவர்களின் வேலைவாய்ப்புக் கணக்குக்காக நியமன ஆணையைக் கேட்டார். தருகிறேன் சார், அதற்கு முன் சிஓஇ ஆபீஸில் இந்த மனு எண் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். அந்த வாரமே கையெழுத்தாகிவிட்டது. ஆகவே அப்படி போன் வந்தால் எரிந்து விழாதீர்கள், கேட்டதை உடனே அனுப்பியும் விடாதீர்கள். அழைத்தவரின் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொண்டு, உங்களுக்கு வர வேண்டிய பட்டச் சான்று, பெயர்த் திருத்தம், டிஜிலாக்கரில் ஏறாத மதிப்பெண் பட்டியல் எதுவானாலும் பதிவு எண்ணோடு அவருக்கு வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள். சம்பளச் சீட்டில் வங்கி எண்ணையும் பான் எண்ணையும் மறைத்துவிட்டு, உங்கள் காகிதம் கைக்கு வந்த அன்று அனுப்பினால் போதும்.